நீலம் மங்குவதற்குள்

அண்ணி: கதவைச் சாத்துடி முதல்ல! வெளிச்சம் உள்ளே வருது.

நாத்தனார்: சாத்திட்டேன், சாத்திட்டேன். எங்கே இருக்கீங்க அண்ணி? ஒண்ணுமே தெரியலை எனக்கு.

அண்ணி: அங்கேயே நில்லு. ரெண்டு நிமிஷத்துல கண்ணு பழகிடும். கையை வீசாதே, பக்கத்துல எல்லாம் கண்ணாடிச் சாமான்.

நாத்தனார்: மத்தியானம் ஒரு மணிக்கு இப்படி ஒரு இருட்டா? அண்ணன்கிட்ட சொல்றேன், உங்க பொண்டாட்டி வௌவாலா மாறிட்டாங்கன்னு.

அண்ணி: கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிடறார். புதுசா ஏதாவது சொல்லு. ஆமாம், உன்னை எப்படி உள்ளே விட்டாங்க? வாசல்ல கேக்கலையா?

நாத்தனார்: கேட்டாங்க. உங்க தங்கச்சின்னு சொன்னேன்.

அண்ணி: நாத்தனார்னு சொல்லியிருந்தா இன்னும் சீக்கிரம் விட்டிருப்பாங்க. பயந்துக்கிட்டு.

நாத்தனார்: ரொம்பத்தான்.

அண்ணி: சத்தமே இல்லாம வந்து முதுகுக்குப் பின்னாடி நிக்கறே. சும்மாவா உனக்குப் பூனைன்னு பேர் வச்சாங்க உங்க வீட்டுல... உன் பாப்பா எங்கே?

நாத்தனார்: அண்ணன் மடியில. லீவு போட்டுட்டு உக்காந்திருக்கார். அவ தூங்கிட்டா, ஆனா கீழே விட மாட்டேங்கறார்.

அண்ணி: சாப்பிட்டாளா?

நாத்தனார்: பாதி சாப்பிட்டா, பாதியை அண்ணன் சட்டையில துப்பினா.

அண்ணி: நல்லா வேணும் அவருக்கு... சரி, இப்போ எதுக்குடி வந்தே?

நாத்தனார்: உங்களுக்குத் தெரியாதா?

அண்ணி: தெரியும். அதனாலதான் சொல்றேன், போயிடு. திங்கட்கிழமை டாக்டரம்மா கூப்பிட்டுச் சொல்லுவாங்க. அதுதான் முறை.

நாத்தனார்: எனக்கு டாக்டரம்மா சொல்ல வேண்டாம். நீங்க சொல்லணும்.

அண்ணி: நான் பாக்கக் கூடாது பூனை. சொந்தக்காரங்க ஸ்லைடைச் சொந்தக்காரங்க தொடக்கூடாதுன்னு இங்கே ரூல்.

நாத்தனார்: யார் போட்ட ரூல்?

அண்ணி: நான்தான். நானே எழுதிக் குடுத்து, நானே கையெழுத்து வாங்கினேன்.

நாத்தனார்: ஏன்?

அண்ணி: ...சும்மாதான். சொந்தம்னா கண்ணு ஒழுங்கா பாக்காது. பாப்பாவோட தோல் வந்ததுலேர்ந்து சோடாபுட்டி சார்தான் எல்லாம் பண்றார். நான் அந்தப் பக்கமே போகலை.

நாத்தனார்: அது யாரு சோடாபுட்டி?

அண்ணி: என்கூட வேலை பாக்கறவர். அவ்வளவு தடிமனான கண்ணாடி. இன்னிக்குக் காலையிலதான் சாயம் போட்டார். சாப்பிட்டுட்டு வந்து பாக்கப் போறார். இன்னும் அரை மணி நேரம்... என்னடி பண்றே? அந்தத் தட்டைத் தொடாதே!

நாத்தனார்: தொடலை. இதுல எது அவளோடது?

அண்ணி: மூணு இருக்கு பார். ஒண்ணாவது, எந்த நோயும் இல்லாத ஒருத்தர் தோல்லேர்ந்து வளர்த்த செல்லு. ரெண்டாவது, நோய் இருந்தவங்களோடது. மூணாவது பாப்பா.

நாத்தனார்: மத்த ரெண்டும் எதுக்கு?

அண்ணி: ஒப்பிட்டுப் பாக்கத்தான். மூணாவது, ஒண்ணு மாதிரி இருக்கா, ரெண்டு மாதிரி இருக்கா... கேள்வி அவ்வளவுதான்.

நாத்தனார்: இத்தினிக்கூண்டு தோலை எடுத்தாங்க. அதுக்கு அவ அழுத அழுகை இருக்கே... ஒரு பருக்கை அளவுகூட இருக்காது. அதுலேர்ந்தா இவ்வளவும் தெரியுது?

அண்ணி: அதை ஒரு மாசம் வளர்ப்போம். அப்புறம் ஒரு நாள் முழுக்க நல்லா கொழுப்பா ஊட்டுவோம். நல்ல செல்லு தின்னதைச் செலவழிச்சிடும். நோய் இருந்தா...

நாத்தனார்: உள்ளே போன கொழுப்பு வெளியே வர வழி இல்லாம தேங்கி நிக்கும். எனக்கா சொல்லித் தரீங்க? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். முதல்ல மண்ணீரல், அப்புறம் மூளை. வீட்டுல என்னடான்னா எண்ணெய்ப் பாத்திரத்தை என் தலையில கட்டிட்டு ஓடறீங்க. இங்கே வந்து நாள் முழுக்க எண்ணெயைத்தான் தேடறீங்க.

அண்ணி: பேசு, பேசு. நல்லா பேசு.

நாத்தனார்: காட்டுங்க அண்ணி. ஒரு தடவை. ஒரு மூலையை மட்டும்.

அண்ணி: பூனை...

நாத்தனார்: ஒரு மூலையைப் பாத்தா அவருக்கு மீதி இருக்கும்தானே? வெளிச்சம் பட்ட இடம்தான் கெடும்னு நீங்கதானே ஒரு நாள் சொன்னீங்க?

அண்ணி: எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கே.

நாத்தனார்: எட்டு மாசமா அவளைத் தூங்க வச்சுட்டு, எழுப்பி எழுப்பிப் பாக்கறேன். கண்ணு மேலே போகுதா, கீழே போகுதான்னு. விரலை ஆட்டி ஆட்டி... அவ என்னைப் பாத்துச் சிரிக்கறா. சிரிச்சா எனக்குத் திக்குங்குது. பெத்த குழந்தை சிரிச்சா பயப்படற அம்மாவை எங்கேயாவது பாத்திருக்கீங்களா?

அண்ணி: ...வா. இப்படி உக்காரு. ஒண்ணாவதுலேர்ந்து காட்டறேன்.

நாத்தனார்: இந்த மைக்ராஸ்கோப்லயா கண்ணை வைக்கணும்?

அண்ணி: ரெண்டு கண்ணையும் வை. நெத்தி இடிக்காம. நான் விளக்கோட மூடியைத் திறக்கறேன்... தெரியுதா?

நாத்தனார்: இல்லை... ம், தெரியுது. லேசா நீலமா. புகை மாதிரி.

அண்ணி: அவ்வளவுதான் இருக்கணும். சாயம் கொழுப்பைத் தேடிப் போய் ஒட்டிக்கும். அங்கங்கே கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், எல்லா உடம்புலயும். மூடிடட்டுமா?

நாத்தனார்: இதுவா நல்லது? பாக்க ஒண்ணுமே இல்லையே.

அண்ணி: ஒண்ணுமே இல்லாததுதான் நல்லது. மூடிட்டேன்.

நாத்தனார்: அடுத்தது.

அண்ணி: ரெண்டாவது வேண்டாம். நேரா மூணுக்குப் போகலாம்.

நாத்தனார்: ஏன்?

அண்ணி: வேண்டாம்னா வேண்டாம்.

நாத்தனார்: அதைப் பாக்காம இது எப்படி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே சொன்னீங்க, ஒப்பிடணும்னு...

அண்ணி: உஷ்! யாரோ வராங்க.

சோடாபுட்டி: உள்ளே யாரும்மா?

அண்ணி: நான்தான் சார்! எலியோட ஈரல் பாத்துக்கிட்டு இருக்கேன். கதவைத் திறந்துடாதீங்க, சாயம் போயிடும்.

சோடாபுட்டி: சரி சரி. என் மூக்குக்கண்ணாடியை அங்கே வச்சுட்டேனா பாருங்க.

அண்ணி: நெத்தியில இருக்கும் பாருங்க சார்.

சோடாபுட்டி: ...அட, ஆமாம். வயசாயிடுச்சும்மா. நான் சாப்பிட்டுட்டு வந்துடறேன்.

அண்ணி: மெதுவா வாங்க சார்... போயிட்டார்.

நாத்தனார்: எலி ஈரலா?

அண்ணி: வாயில வந்ததைச் சொன்னேன். என்ன பண்ணச் சொல்றே?

நாத்தனார்: எவ்வளவு சுலபமா வருது உங்களுக்கு.

அண்ணி: எது?

நாத்தனார்: ஒண்ணுமில்லை. ரெண்டாவதைக் காட்டுங்க.

அண்ணி: பிடிவாதம்... உங்க பரம்பரைக்கே உள்ளது. சரி. ஒரு நொடிதான். பாத்ததும் தலையை எடுத்துடணும். சரியா?

நாத்தனார்: சரி.

அண்ணி: ...திறக்கறேன்.

நாத்தனார்: ஐயோ!

அண்ணி: என்ன?

நாத்தனார்: எவ்வளவு அழகா இருக்கு! அண்ணி... ஒவ்வொண்ணு நடுவுலயும் உப்பை அள்ளிக் கொட்டின மாதிரி... பளபளன்னு. இதுவா? இதுவா நோய்?

அண்ணி: போதும், மூடறேன்.

நாத்தனார்: இருங்க. இவ்வளவு அழகா இருக்கணுமா இந்த நோய்? நியாயமா இது? இருங்களேன், இன்னும் கொஞ்சம்... பாவம். யாரோடது?

அண்ணி: ...யாரோ.

நாத்தனார்: பெரியவங்களா? குழந்தையா?

அண்ணி: குழந்தைதான்.

நாத்தனார்: எத்தனை வயசு?

அண்ணி: அஞ்சரை. தலையை எடு பூனை.

நாத்தனார்: அண்ணி.

அண்ணி: எடுடின்னு சொல்றேன்ல.

நாத்தனார்: யாரோடது இது?

அண்ணி: ...நம்ம பட்டாணியோடதுடி. உன் பிள்ளையோடது. நீ கையெழுத்து போட்டே. ரெண்டாவது தடவை தோல் எடுத்தப்போ, ஆராய்ச்சிக்கு வச்சுக்கலாம்னு ஒரு தாள்... ஞாபகம் இல்லையா? இங்கே எந்தக் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை பண்ணாலும் பக்கத்துல வச்சுப் பாக்கறது அவனோடதைத்தான். தெளிவா இருக்கும். இதுவரைக்கும் நாப்பத்தி ரெண்டு குழந்தைக்குப் பாத்திருக்கோம்.

நாத்தனார்: அவன் போய் பதினாலு மாசம் ஆச்சு அண்ணி.

அண்ணி: ம்.

நாத்தனார்: இது எப்போ எடுத்தது? பழைய ஸ்லைடா?

அண்ணி: இல்லை. இந்த வாரம் வளர்த்தது. உறைய வச்சிருக்கோம், வேணும்போது எடுத்து வளர்ப்போம். ஸ்லைடு பண்ணாம மீதி இருக்கறது இப்போகூட அந்தப் பெட்டியில வளருது. உடம்புச் சூடு வச்சிருக்கோம் அதுக்குள்ள.

நாத்தனார்: உயிரோடவா?

அண்ணி: உயிரோடதான்.

நாத்தனார்: அதுக்குப் பசிக்குமா?

அண்ணி: ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஊட்டணும். நான்தான் ஊட்டறேன். மத்தவங்க யாரையும் தொட விடறதில்லை. ஞாயித்துக்கிழமை வேலை இருக்குன்னு கிளம்பி வருவேன்ல... இதுக்குத்தான்.

நாத்தனார்: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் வெறும் சட்டையை மோந்து பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு வருஷமா அந்த நீலச் சட்டையைத் துவைக்காம வச்சுக்கிட்டு... நீங்க இங்கே வந்து அவனுக்குச் சோறு ஊட்டிட்டுப் போயிருக்கீங்க.

அண்ணி: என்னன்னு சொல்றது? உன் பிள்ளை பெட்டியில இருக்கான்னா? நீ தினம் வந்து வாசல்ல நிப்பே. நீ அழுது ஓயணும்னு இருந்தேன்.

நாத்தனார்: ஓயலை... அண்ணி! அண்ணி, என்ன ஆச்சு? அவன் மங்கறான்!

அண்ணி: தலையை எடு!

நாத்தனார்: மங்கறான் அண்ணி, எல்லாம் போகுது, ஏதாவது பண்ணுங்க!

அண்ணி: மூடிட்டேன், மூடிட்டேன். ஒண்ணுமில்லைடி. இங்கே பாரு. சாயம்தான் மங்குது, அவனுக்கு ஒண்ணும் இல்லை. இந்தச் சாயம் வெளிச்சத்துலதான் ஒளிரும், அதே வெளிச்சத்துலதான் சாகும். பாத்துக்கிட்டே இருந்தா அப்படித்தான். ரெண்டு நிமிஷம்கூடத் தாங்காது. நான்தான் பேச்சுவாக்குல மறந்துட்டேன். மூச்சு விடு... மெதுவா.

நாத்தனார்: மங்கி... ஒண்ணாவது மாதிரி ஆயிடுச்சு.

அண்ணி: ஆகும்.

நாத்தனார்: புகை மாதிரி. அதே மாதிரி.

அண்ணி: ம்.

நாத்தனார்: அப்போ... மங்கினதுக்கப்புறம் ஒருத்தர் வந்து பாத்தா, நோய் இல்லைன்னுதான் நினைப்பாங்க. நாலு வயசுல அவனுக்கு முதல் தடவை எடுத்தோமே. மாடிப்படியில விழுந்துக்கிட்டே இருக்கான்னு. அப்போ யாரு பாத்தது?

அண்ணி: நான்தான்.

நாத்தனார்: ஒண்ணுமில்லைன்னு ரிப்போர்ட் குடுத்தீங்க. அப்புறம் அஞ்சரை வயசுல மறுபடி எடுத்தப்போ, முன்னாடி போட்ட சாயம் பழசு, அதனாலதான் சரியா தெரியலைன்னு கடுதாசி வந்துச்சு.

அண்ணி: வந்துச்சு.

நாத்தனார்: சாயம் பழசா அண்ணி? உங்களைத்தான் கேக்கறேன்.

அண்ணி: இல்லை. புதுப் புட்டி. நான்தான் அன்னிக்குக் காலையில உடைச்சேன்.

நாத்தனார்: அப்போ?

அண்ணி: ரொம்ப நேரம் பாத்துட்டேன். படம் எடுக்க நல்ல இடமா தேடினேன். தேடித் தேடி எல்லா இடத்துலயும் வெளிச்சம் பட்டு... மங்கினதைப் படம் எடுத்துட்டேன். முதல்ல படம், அப்புறம்தான் கண்ணுன்னு செவுத்துல எழுதி ஒட்டியிருக்கேன் பாரு. அதுக்கப்புறம் எழுதினது.

நாத்தனார்: இருட்டுல யாரு படிப்பாங்க அதை?

அண்ணி: வேலைக்குப் புதுசா வர்றவங்க செய்யற தப்பு அது.

நாத்தனார்: நீங்க அப்பவே எட்டு வருஷம் வேலை பாத்தவங்க.

அண்ணி: ஆமாம்.

நாத்தனார்: ஒண்ணரை வருஷம் அண்ணி.

அண்ணி: தெரியும்டி.

நாத்தனார்: என்ன தெரியும் உங்களுக்கு? கண்ணுல கோளாறுன்னு கண்ணாடி வாங்கிப் போட்டோம். காலு சரியில்லைன்னு செருப்பு மாத்தினோம், மூணு ஜோடி. சிரிச்சா பொத்துன்னு விழுவான். சிரிச்சுக்கிட்டே இருப்பான், முட்டி மடங்கிப் போயிடும். வேணும்னே பண்றான், எல்லாரும் பாக்கணும்னு நடிக்கறான்னு டீச்சர் சொன்னாங்க. நானும் நம்பினேன். ஏன்னா ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லைன்னு இருந்துச்சு. அண்ணியே பாத்துட்டாங்க, அப்புறம் என்னன்னு...

அண்ணி: போதும் பூனை...

நாத்தனார்: அடிச்சேன் அண்ணி. ஸ்கூல் வாசல்ல வச்சு, எல்லார் முன்னாடியும். எழுந்திருடா, நடிக்காதேடான்னு தொடையில அடிச்சேன். அழுதுக்கிட்டே எழுந்திருக்கப் பாத்தான், முடியலை அவனால. "அம்மா, காலு வரலைம்மா"ன்னான். அதுக்கும் ஒண்ணு வச்சேன். மருந்து இருந்துச்சு. குணமாக்காது, தள்ளிப்போடும்னாங்க. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கறோமோ அவ்வளவு நல்லதுன்னாங்க. ஆரம்பிக்கும்போது அவனுக்கு முழுங்கவே வரலை... தொடாதீங்க. கையை எடுங்க.

அண்ணி: எடுத்துட்டேன். தண்ணி குடிக்கறியா? வெளியேதான் இருக்கு, இங்கே கொண்டு வரக் கூடாது. போய் எடுத்துட்டு வரவா?

நாத்தனார்: வேண்டாம். மூணாவதைப் போடுங்க.

அண்ணி: இப்போவா? உனக்கு இருக்கற நிலைமையில...

நாத்தனார்: போடுங்க.

அண்ணி: என்னால முடியாதுடி. சோடாபுட்டி சார் வரட்டும், அவரே பாக்கட்டும். நான் கெஞ்சிக் கேக்கறேன், முதல்ல உனக்குச் சொல்லச் சொல்றேன். நானே கூடவே உக்காந்து...

நாத்தனார்: நீங்கதான் பாக்கணும். அவரு சொன்னா எனக்கு வேண்டாம், டாக்டரம்மா சொன்னாலும் வேண்டாம்.

அண்ணி: இவ்வளவு சொன்னதுக்கப்புறமும் என்னையா நம்பறே?

நாத்தனார்: நம்பறேன்னு நான் சொல்லலை. பாத்துச் சொல்லுங்கன்னு சொன்னேன். நேரமாகுது அண்ணி.

அண்ணி: சரி. இரு... இதோ வச்சுட்டேன். ஓரத்துல ஒரு இடம். விளக்கு இன்னும் திறக்கலை. கேமரா முதல்ல. படம் அந்தத் திரையில வரும்.

நாத்தனார்: திரையை உங்க பக்கம் திருப்பிக்கோங்க. நான் பாக்கப் போறதில்லை.

அண்ணி: பாக்கலையா? இதுக்குத்தானே வந்தே?

நாத்தனார்: நீங்க பாருங்க. நான் உங்களைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

அண்ணி: ...எடுக்கறேன்.

நாத்தனார்: ம்.

அண்ணி: ...

நாத்தனார்: எடுத்தாச்சா?

அண்ணி: எடுத்தாச்சு. விளக்கை மூடிட்டேன்.

நாத்தனார்: வந்துடுச்சா படம்?

அண்ணி: வருது... இரு.

நாத்தனார்: உங்க மூஞ்சியெல்லாம் நீலமா தெரியுது.

அண்ணி: திரை வெளிச்சம்டி அது.

நாத்தனார்: சொல்லுங்க.

அண்ணி: ஓரத்துல எடுத்தது... ஓரத்துல சாயம் கொஞ்சம் திட்டுத்திட்டா நிக்கும். இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

நாத்தனார்: சரி. திரையில என்ன இருக்கு?

அண்ணி: ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பியிருக்கோம்ல? அது வரட்டும். அதுதான் உறுதி. இதெல்லாம் சும்மா ஒரு...

நாத்தனார்: அதை விடுங்க. ஒண்ணாவது மாதிரியா, ரெண்டாவது மாதிரியா?

அண்ணி: நீ முதல்ல உக்காரு.

நாத்தனார்: நின்னுக்கிட்டே கேக்கறேன்.

அண்ணி: அவ நல்லாத்தானே இருக்கா? நல்லா சாப்பிடறா, கண்ணு நல்லா ஓடுது, குப்புற விழறா... எட்டு மாசத்துல பட்டாணி இவ்வளவு சுறுசுறுப்பா இருந்தானா சொல்லு? இல்லையே! அதனால...

நாத்தனார்: அண்ணி.

அண்ணி: ...

நாத்தனார்: அண்ணி, என்னைப் பாருங்க. திரையைப் பாக்காதீங்க. எதை மாதிரி?

அண்ணி: ...ரெண்டாவது.

நாத்தனார்: கேக்கலை.

அண்ணி: ரெண்டாவது மாதிரிடி. ரெண்டாவதேதான். அவ அண்ணன் பட்டாணி மாதிரியே. ஐயோ... ஐயோ, என் கண்ணே, இவளுக்குமா! நான் என்னடி பாவம் பண்ணேன், இதை என் கண்ணுதான் பாக்கணுமா ரெண்டு தடவையும்!

நாத்தனார்: ரெண்டு தடவையுமா? முதல் தடவை மங்கினதைத்தானே பாத்தேன்னு சொன்னீங்க?

அண்ணி: ...பொய். உன்கிட்ட இப்போ சொன்னதும் பொய்தான். நல்ல இடம் எதையும் நான் தேடலை. விளக்கைத் திறந்த உடனே தெரிஞ்சுது. முதல் நொடியிலேயே. இதோ இதே மாதிரி ஜொலிச்சுது. ஒரே இடத்தைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கையை எடுக்கவே தோணலை. மங்க ஆரம்பிச்சதும் எனக்கு... எப்படிச் சொல்றது... பாரு, குறையுது, பாரு, சரியாகுதுன்னு மனசுக்குள்ளே சொல்லிக்கிட்டே இருந்தேன். பைத்தியம் பிடிச்ச மாதிரி. சாயம்தான் சாகுதுன்னு எனக்குத் தெரியாதா? எட்டு வருஷம் அதையேதானே பண்ணேன். முழுசா போற வரைக்கும் காத்திருந்து படம் எடுத்தேன். எடுத்து, இயல்பாக உள்ளதுன்னு எழுதினேன். அடுத்த வாரம் இன்னொரு தடவை எடுத்துப் பாத்துக்கலாம், அதுக்குள்ள உன்கிட்ட பதமா சொல்லிடலாம்னு நினைச்சேன். நீ ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டுச் சிரிச்சே... அந்தச் சிரிப்பைப் பாத்தப்புறம் என்னால முடியலை. அடுத்த வாரம், அடுத்த மாசம்னு... ஆறு வருஷமா உங்க அண்ணன்கிட்டகூடச் சொல்லலை. நீ என்னை என்ன வேணா பண்ணு. அடிச்சுடு. உன் பிள்ளையை அடிச்சதுக்கு என்னை அடி.

நாத்தனார்: அன்னிக்கு ரிப்போர்ட்டோட வீட்டுக்கு வந்து, அவனை மடியில போட்டுக்கிட்டு அழுதீங்க, இறக்கவே மாட்டேன்னீங்க. நல்ல சேதி கொண்டு வந்தவங்க யாராவது அப்படி அழுவாங்களான்னு அப்பவே எனக்கு உறுத்துச்சு... கேக்கத்தான் தைரியம் வரலை. பாப்பாவோட ரத்த ரிசல்ட் செவ்வாய்க்கிழமையே வந்துடுச்சு அண்ணி. முந்தாநாள்லேர்ந்து மருந்து குடுக்கறேன். இன்னிக்கும் நீங்க ஒண்ணுமில்லைன்னு சொல்லியிருந்தா, இனிமே செத்தாலும் உங்க முகத்துல முழிக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன்.